ஐப்பசிக் காய்ச்சலும் அறுபதைக் கடந்த உடலும்

வட இந்தியாவில் ஃப்ளூ காய்ச்சல் குளிர் மாதங்களில் ஒருமுறையும் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி இன்னொரு முறையும் ஏறும். சென்னை, வேலூர்ப் பக்கம் அதன் பெரிய பருவம் அக்டோபரும் நவம்பரும்தான். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டதும் சாரலுக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு வீட்டில் எல்லோரும் ஒரே கூடத்தில் அடைந்துகொள்கிறோம். பள்ளிக்கூடத்திலிருந்து பேரன் கொண்டுவரும் இருமல் இரண்டே நாளில் தாத்தாவிடம் வந்துவிடுகிறது. பேரன் மூன்றாம் நாள் தெருவில் ஓடுகிறான். தாத்தா பத்தாம் நாளும் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

இன்ஃப்ளூயன்சா வைரஸில் ஏ வகையின் எச்1என்1, எச்3என்2 ஆகியவையும் பி வகையும் மனிதர்களிடையே ஆண்டுதோறும் சுற்றிவருகின்றன. இவற்றில் எச்3என்2 மேலோங்கும் பருவங்கள் முதியவர்களுக்குக் கடுமையானவை. இந்த அத்தியாயம் அறுபதைக் கடந்து, வீட்டிலிருந்தே இந்தக் காய்ச்சலைச் சமாளிக்க வேண்டியிருக்கும் உங்களுக்கும் உங்களைப் பார்த்துக்கொள்பவருக்கும் எழுதப்பட்டது. முழுவதையும் மழை தொடங்கும் முன்பே படித்துவிடுங்கள். உடம்பு அனலாகக் கொதிக்கும்போது யாருக்கும் படிக்கத் தோன்றாது.

சூடு ஏறாத காய்ச்சல்

இளவயதுக்காரருக்கு ஃப்ளூ வந்தால் 102, 103 டிகிரி என்று ஏறிவிடும். வீடே பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடும். வயதான உடம்பு அப்படி அடையாளம் காட்டுவதில்லை. நுரையீரலில் சளி கட்டிய நிலையிலும் தெர்மாமீட்டர் 99.5 என்று காட்டலாம். பலருடைய இயல்பான உடல்சூடே 97 டிகிரிதான். அவர்களுக்கு 99.5 என்பது நல்ல காய்ச்சல். ஆகவே நன்றாக இருக்கும் ஒரு வாரத்தில், காலையிலும் மாலையிலும் நாக்கின் அடியில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, உங்கள் இயல்பான அளவைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அதைவிட இரண்டு டிகிரி கூடினாலோ, ஒரே முறை 100ஐத் தாண்டினாலோ அதைக் காய்ச்சல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அக்குளில் வைத்துப் பார்த்தால் அளவு சற்றுக் குறைவாகவே காட்டும்.

சூட்டைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, மனிதர் வழக்கம்போல இருக்கிறாரா என்பதை. நேற்றுவரை தானே குளித்து, தானே உடுத்தி, பேப்பரை வரிவிடாமல் படித்த அப்பா, இன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து, “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று சட்டையைத் தேடுகிறார். அம்மா பெயர்களை மாற்றிச் சொல்கிறார், காப்பி டம்ளர் கையிலிருக்கத் தூங்கி விழுகிறார், திடீரென்று படுக்கையில் சிறுநீர் போய்விடுகிறது. “வயசாயிடுச்சு, இனிமே இப்படித்தான்” என்று குடும்பம் தேற்றிக்கொள்கிறது. ஒரே நாளில் வரும் குழப்பத்துக்கு வயது காரணமாகாது. தொற்றோ, நீர்ச்சத்துக் குறைவோ, சர்க்கரை இறங்கியதோ உள்ளே இருக்கிறது. இருமலும் சளியும் வருவதற்கு முன்பே இது வரலாம். பசியே இல்லாமல் போவது, காரணமில்லாமல் கீழே விழுவது இரண்டையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு முன்னால்

முதலில் தடுப்பூசி. ஃப்ளூ வைரஸ் தன் மேலுறையை மாற்றிக்கொண்டே இருப்பதால், எந்த வகைகளை ஊசியில் சேர்ப்பது என்பதை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை அறிவிக்கிறது. போன வருடம் போட்டது இந்த வருடத்துக்குப் போதாது. ஊசி போட்டபின் பாதுகாப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் என்பதால், தமிழ்நாட்டுக்காரர்கள் புரட்டாசி பிறந்ததும் போட்டுக்கொள்வது நல்லது. அரசின் வழக்கமான இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் முதியவர்களுக்கு இது இல்லை. தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும். ஆனாலும் இந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள். ஊசி போட்டவருக்கும் ஃப்ளூ வரலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு முற்றும் வாய்ப்பு குறையும். கூடவே நிமோகாக்கல் தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். ஃப்ளூவைத் தொடர்ந்து வரும் நிமோனியாவுக்கு அந்தக் கிருமி ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது, மாத்திரைகள் பற்றிய பேச்சு. நம்மில் பெரும்பாலோர் செய்யாமல் விடுவது இதைத்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள், “காய்ச்சல் வந்து சாப்பிட முடியாமப் போனா இதுல எதை நிறுத்தணும், எதை நிறுத்தவே கூடாது?” என்று மருத்துவரிடம் நல்ல நாளிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளையும், வாந்தியும் நீர்ச்சத்துக் குறைவும் இருந்தால் மெட்ஃபார்மினையும் சில நாட்களுக்கு நிறுத்தச் சொல்வார்கள். சிறுநீர் போக்கும் மாத்திரைக்கும் சில ரத்த அழுத்த மாத்திரைகளுக்கும் இதே கேள்வி உண்டு. மறுபுறம், சாப்பாடு குறைந்துவிட்டதே என்று இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. தொற்று இருக்கும்போது, சாப்பிடாமலே சர்க்கரை ஏறும். இவற்றில் எதையும் நீங்களாக முடிவு செய்ய வேண்டாம் என்பதால்தான் எழுதி வாங்கச் சொல்கிறேன்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது என்றால், வருகிற பணியாளரிடம் இந்தக் கேள்வியைச் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் பதிலைக் கேட்டு வாங்கலாம். மழை மாதங்களில் மாத்திரை தீரும்வரை காத்திருக்காமல் இரண்டு வாரக் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. தெர்மாமீட்டர், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, சர்க்கரைக்காரர் வீட்டில் குளுக்கோமீட்டர், பாரசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பொடி, சில முகக்கவசங்கள், மின்சாரம் போனால் ஏற்ற ஒரு டார்ச். புயல் அறிவிப்பு வந்ததும் கைப்பேசியை முழுக்க சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

முதல் நாற்பத்தெட்டு மணி நேரம்

“மூணு நாள் பாப்போம், தானா விட்டுடும்” என்பது இளைஞர்களுக்குச் சரியாக இருக்கலாம். அறுபத்தைந்தைத் தாண்டியவர், சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர் ஆகியோருக்கு அந்த மூன்று நாள் மிகவும் விலை உயர்ந்தது. ஃப்ளூவுக்கென்றே ஓசல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது. அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதன் பலன் முழுமையாகக் கிடைக்கும். வழக்கமாக 75 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஐந்து நாள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும் என்பதால் அந்த விவரத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மத்திய சுகாதார அமைச்சகத்தின் எச்1என்1 வழிகாட்டுதலில் 65 வயதைத் தாண்டியவர்கள் அதிக ஆபத்துள்ளவர்கள் பிரிவில் வருகிறார்கள். அவர்களுக்குப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமலே இந்த மருந்தைத் தொடங்கலாம்.

ஆன்டிபயாட்டிக் வைரஸைக் கொல்லாது. மருத்துவர் எழுதவில்லை என்றால் கேட்டு வாங்காதீர்கள்.

இதே மழைதான் டெங்குவையும் கொண்டுவருகிறது. மூக்கொழுகலும் தொண்டைவலியும் இல்லாமல் கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் முறித்துப் போட்டது போன்ற வலி, சிவந்த தடிப்பு என்று இருந்தால் முதலில் டெங்குவைச் சந்தேகிக்க வேண்டும். முதல் ஐந்து நாட்களுக்குள் என்எஸ்1 ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வெள்ளத்தில் நடந்தவராக இருந்தால் எலிக்காய்ச்சலும் கணக்கில் உண்டு. அதனால்தான் வீட்டில் உட்கார்ந்து இது ஃப்ளூதான் என்று தீர்மானித்துவிடாமல், முதல் இரண்டு நாளுக்குள் ஒருமுறையாவது மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும் என்கிறேன்.

மெடிக்கலில் கட்டிக்கொடுக்கும் மாத்திரை

தெருமுனை மெடிக்கலில் போய், “சளி, காய்ச்சல், உடம்பு வலி. மூணு வேளைக்கு மாத்திரை குடுங்க” என்றால், நாலைந்து நிற மாத்திரைகளைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். வயதானவர்கள் இந்தப் பொட்டலத்தை வாங்கவே கூடாது. அதில் என்னென்ன இருக்கும் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மூக்கடைப்புக்குத் தரும் பினைலெஃப்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றும். மூக்கொழுகலுக்குத் தரும் குளோர்பெனிரமின் தூக்கத்தையும் குழப்பத்தையும் தரும், நடையைத் தள்ளாட வைக்கும். புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீரை அடைத்தேவிடலாம். ராத்திரி சளி மாத்திரை போட்டுவிட்டு, காலையில் சிறுநீர் இறங்காமல் வயிறு உப்பி ஆஸ்பத்திரிக்குப் போகிற பெரியவர்கள் உண்டு. உடம்பு வலிக்கென்று தரும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் ஆகியவை நீர்ச்சத்துக் குறைந்த உடம்பில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வந்தது டெங்குவாக இருந்துவிட்டால் ரத்தக்கசிவை அதிகமாக்கும். மூட்டுவலிக்காக இதே மாத்திரையை வழக்கமாகப் போடுபவர்கள் காய்ச்சல் நாட்களில் அதையும் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். சில பொட்டலங்களில் ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கும். அன்றைக்குச் சுகமாகத் தெரியும், சர்க்கரை எகிறிவிடும்.

மிஞ்சுவது பாரசிட்டமால். வலிக்கும் காய்ச்சலுக்கும் அதுவே போதும். டோலோ 650 போன்ற 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளில் நான்குக்கு மேல் வேண்டாம். எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் இதைவிடக் குறைவான அளவு என்பதால் கேட்டுக்கொண்டு போடுங்கள். கடையில் வாங்கும் பல சளி மாத்திரைகளுக்குள்ளும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு கூடி, கல்லீரல் பாதிக்கப்படும். அட்டையின் பின்புறத்தைப் பேரப்பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இதயத்துக்காக மருத்துவர் எழுதிய சிறிய ஆஸ்பிரின் வேறு கணக்கு. அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். டெங்கு சந்தேகம் இருந்தால் அன்றே கேளுங்கள்.

கஞ்சியும் கஷாயமும்

லங்கணம் பரம ஔஷதம் என்று காய்ச்சலுக்குப் பட்டினி போடும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. முதியவருக்கு அது ஆகாது. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் படுத்திருந்தால் தொடைச் சதை கரைந்து, காய்ச்சல் விட்ட பிறகு எழுந்து நடக்கவே திராணி இருக்காது. புழுங்கலரிசி நொய்யோடு பாசிப்பருப்பைச் சேர்த்துக் குழைய வேகவைத்த கஞ்சி, இட்லி, ரசம் சாதம், அவித்த முட்டை, மிளகுபோட்ட கோழிச்சாறு என்று எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சங்கொஞ்சமாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுங்கள்.

வயதானால் தாக உணர்வு மங்கிவிடும். “தாகமே இல்லை” என்பதை நம்பித் தண்ணீரைக் குறைக்காதீர்கள். ஒன்றரை லிட்டர் பிடிக்கும் சொம்போ பாட்டிலோ பக்கத்தில் இருக்கட்டும், பொழுது சாய்வதற்குள் காலியாக வேண்டும். மாலைக்குள் முடித்துவிட்டால் ராத்திரி பாத்ரூமுக்கு எழும் தொல்லையும் குறையும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் சரி, தேயிலை நிறத்தில் இருந்தால் போதவில்லை. இதயம் பலவீனமாகி, குடிக்கும் தண்ணீருக்கு மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான். சிறுநீரக நோய் உள்ளவர்கள் இளநீரைத் தவிர்க்க வேண்டும், அதில் பொட்டாசியம் அதிகம். ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது, பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஆனது என்று போட்டிருக்கிறதா, எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று பாருங்கள். கடையில் தயாராக விற்கும் இனிப்புப் பானங்கள் அதற்கு ஈடாகாது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் நம் வீடுகளுக்கே உரியது. நாம் எச்சில் படாமல் அண்ணாந்து குடித்துப் பழகியவர்கள். காய்ச்சலில் சோர்ந்த முதியவர் அண்ணாந்து குடித்தால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிப் புரையேறும், நுரையீரலில் தொற்று உண்டாகலாம். அவருக்கென்று ஒரு டம்ளரை ஒதுக்கிவிடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, வாய்வைத்து மெல்ல உறிஞ்சிக் குடிக்கட்டும். படுத்தபடி எதையும் புகட்ட வேண்டாம்.

சுக்கு, மிளகு, துளசி போட்ட கஷாயம் தொண்டைக்கு இதமானது, வயிற்றுப்புண் இல்லாதவர்கள் தாராளமாகக் குடிக்கலாம். அதிமதுரத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். சிறுநீர் போக்கும் மாத்திரை எடுப்பவருக்கு இது இதயத்துடிப்பையே கலைத்துவிடக்கூடும். இருமலுக்குத் தேன் நல்லதுதான், சர்க்கரைக்காரர்கள் அதையும் சர்க்கரைக் கணக்கில் சேர்க்க வேண்டும். நிலவேம்புக் குடிநீர் குடிப்பதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள்.

ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு ஆறுதல் தரும், வைரஸை எதுவும் செய்யாது. கொதிக்கும் குண்டானை மடியருகே வைத்து, போர்வைக்குள் நடுங்கும் கைகளோடு குனிந்திருக்கும் ஒரு பெரியவரை நினைத்துப் பாருங்கள். தொடை வெந்துபோன சம்பவங்கள் ஏராளம். பிடித்தே ஆக வேண்டுமென்றால் மேசைமேல் நகராமல் நிற்கும் ஆவிக் கருவி போதும், பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

ஒரே வீட்டுக்குள்

ஃப்ளூ வந்தவர், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே வைரஸைப் பரப்பத் தொடங்கி, பிறகும் ஐந்து முதல் ஏழு நாள்வரை பரப்புவார். தனியறை இருந்தால் நல்லது. ஒரே அறை என்றால் கட்டிலை ஜன்னலோரம் தள்ளி, எதிரெதிர் ஜன்னல்களை ஒரு சாண் அளவாவது திறந்துவையுங்கள். சாரல் கொஞ்சம் வந்தால் பரவாயில்லை. பக்கத்தில் போகும்போது இருவருமே முகக்கவசம் அணிய வேண்டும். துண்டு தனி, சோப்புப் போட்டுக் கை கழுவுவது அடிக்கடி. பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாத்தா பாட்டியோடு படுக்க வைப்பதை அந்த ஒரு வாரம் நிறுத்திவையுங்கள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, தனியாகவோ இருவராகவோ வாழ்கிறவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஒருவர் படுத்தால் பார்த்துக்கொள்ளும் மற்றவருக்கும் எழுபது வயது. முதல் நாளே பக்கத்து வீட்டில் சொல்லிவிடுங்கள், தொந்தரவு கொடுக்கிறோமோ என்று தயங்காதீர்கள். மாற்றுச் சாவியை அவர்களிடம் கொடுங்கள். வாசல் கதவில் வெளியிலிருந்து திறக்க முடியாத உள்தாழ்ப்பாளைப் போட வேண்டாம், பாத்ரூமிலும் போட வேண்டாம். பிள்ளைகள் காலை ஒருமுறை, இரவு ஒருமுறை வீடியோவில் கூப்பிடட்டும். “எப்படி இருக்கே?” என்று கேட்டால் “நல்லாத்தான் இருக்கேன்” என்றே பதில் வரும். அதற்குப் பதிலாக, “என்ன சாப்பிட்டே, எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனே, ஆக்ஸிமீட்டர்ல என்ன நம்பர் காட்டுது?” என்று கேட்க வேண்டும். கூப்பிட யாருமே இல்லாதவர்களுக்கு 14567 என்ற முதியோர் உதவி எண்ணும், மருத்துவ ஆலோசனைக்கு 104ம் இருக்கின்றன.

108ஐ எப்போது கூப்பிடுவது

ஆக்ஸிமீட்டரை நகப்பூச்சும் மருதாணியும் இல்லாத, சூடான விரலில் மாட்டி ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். 94க்குக் கீழே வந்தால் வேறு விரலில் மறுபடி பார்த்துவிட்டு, அன்றே மருத்துவரிடம் போங்கள். 90ஐத் தொட்டால் 108. நெடுநாள் நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு மருத்துவர் சொன்ன எண்தான் கணக்கு. கருவி இல்லாவிட்டால், அவர் அமைதியாக இருக்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 24ஐத் தாண்டினால் மருத்துவர், 30ஐத் தாண்டினால் உடனே ஆம்புலன்ஸ். மாநிற, கருநிறத் தோலில் உதடு நீலமாவது வெளியே தெரியாது, உதட்டின் உட்புறத்தையும் நகக்கண்ணையும் பாருங்கள். கருநிறத் தோலில் ஆக்ஸிமீட்டரும் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், எண் சரியாக இருந்தும் மூச்சு வாங்கினால் மூச்சையே நம்புங்கள்.

நெஞ்சுவலி வந்தால் “இருமி இருமி வலிக்குது” என்று விட்டுவிடாதீர்கள். ஃப்ளூ உறுதியான முதல் வாரத்தில் மாரடைப்பின் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு கூடுகிறது என்பதை கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018ல் வெளியான ஆய்வு காட்டியது. எழுப்பினால் எழாத தூக்கம், புதிதாக வந்த குழப்பம், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, எழுந்து நிற்க முடியாத தளர்ச்சி எல்லாம் ஆஸ்பத்திரிக்கானவை. காய்ச்சல் விட்டு ஓரிரு நாள் தெளிந்தபின் மறுபடி குளிரும் சளியும் வந்தால் பெரும்பாலும் நிமோனியா. டெங்குவாக இருந்தால் காய்ச்சல் இறங்கும் நாட்களே ஆபத்தானவை. அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கறுப்பு மலம் எதுவும் காத்திருக்க விடாதவை.

பையில் மாத்திரைப் பட்டியலும் ஆதாரும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையும் இருக்கட்டும். மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி, பல்செட் மூன்றையும் கட்டாயம் எடுத்துப் போங்கள். பார்வையும் காதும் தெளிவில்லாமல் வேற்றிடத்தில் படுத்திருக்கும் முதியவருக்குக் குழப்பம் சீக்கிரம் வரும்.

காய்ச்சல் விட்ட பிறகு

சூடு மூன்று, நான்கு நாளில் இறங்கிவிடும். அசதி சில வாரங்கள் நிற்கும். காய்ச்சல் இருக்கும்போதே, முடிந்தவரை நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், மூச்சை ஆழ இழுத்து விடுங்கள். விட்ட மறுநாளிலிருந்து வீட்டுக்குள் பத்தடி, இருபதடி என்று நடந்து, வாரக் கடைசியில் வாசல்வரை வாருங்கள். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். ரத்த அழுத்தம் சட்டென இறங்கி விழுபவர்கள் பலர். தலைக்கு ஊற்றிக்கொள்வதாக இருந்தால் வெந்நீரில், நன்றாக நிற்கத் திராணி வந்த பிறகு, பாத்ரூமில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து. நிறுத்திவைத்த மாத்திரைகளை எப்போது திரும்பத் தொடங்குவது என்று கேளுங்கள். அப்படியே விட்டுவிடுபவர்கள் நிறைய. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் அந்த வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இருமல் மட்டும் இழுத்துக்கொண்டே போகும். இரண்டு வாரத்தைத் தாண்டினால், மழைக்காலச் சளிதானே என்று கஷாயத்தைத் தொடராமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். காசநோய் இருக்கிறதா என்று அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள்.